பின்சீட்டு இடது பக்கம்

அந்தக் காப்பியைக் குடிக்காதிய அண்ணாச்சி. மிஷின்ல பொத்தானை அமுக்குனா வருது பாருங்க, அது காப்பி இல்ல, கழனித்தண்ணி. ஏழு மாசமா குடிச்சவன் சொல்லுதேன். நீங்க சர்வீசுக்கு விட வந்தியளா? குடுத்து வச்சவுக. சாயங்காலம் வண்டி கையில வந்துரும். நான் புதுசு வாங்க வந்தவன். இந்த ஷோரூம்ல புதுசு வாங்க வந்தவனுக்குத்தான் நாய்ப்பாடு.

கோயில்பிச்சைன்னு பேரு. சமாதானபுரத்துல பெயிண்டுக்கடை. பாளையங்கோட்டையில பாதி வீட்டுச் செவுரு நம்ம கடைச் சாயம்தான், யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. அந்தா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செவப்புத் துணியைப் பாதி வெலக்கிப் போட்டு ஒரு வெள்ளை வண்டி நிக்குல்லா? அதான் நம்ம வண்டி. பலூனு கட்டியிருக்கான் பாருங்க. ஏழு மாசம் மனுசனை அலைய விட்டுட்டுப் பலூனு கட்டுதானாம் பலூனு. அட்டையில ஆள் உசரத்துக்கு ஒரு சாவி செஞ்சு வச்சிருக்கான். அதைப் புடிச்சிக்கிட்டு நான் பல்லைக் காட்டணுமாம், போட்டோ எடுப்பானாம். த்தூ.

ஈஸ்டருக்குத் தாறேன்னு சொன்ன வண்டி அண்ணாச்சி இது. ஈஸ்டர் போச்சு, பரீட்சை லீவு போச்சு, மழை ரெண்டு தடவ பெஞ்சு ஓஞ்சிட்டு, இப்ப எங்க அசனமே வந்துட்டு. அசனம்னா எங்க கோயில் பண்டிகை. சபையார் பூராவும் வரிசையா உக்காந்து ஒண்ணா சாப்பிடுவோம். வருசத்துக்கு ஒருநாள். நாளைக் கழிச்சு ஞாயித்துக்கிழமை. அன்னைக்குக் கோயில் வாசல்ல நம்ம வண்டி நிக்கணும், ஐயர் வந்து ஜெபம் பண்ணணும், இந்தக் கோயில்பிச்சையும் வீட்டுக்காரியும் ஒரே வண்டியில இருந்து எறங்குததை அத்தனை பேரும் பாக்கணும். அவ்வளவுதான் நான் கேட்டது. ஐயர்னா எங்க பாதிரியார், நீங்க வேற என்னமும் நெனைச்சிராதிய.

எதுக்கு லேட்டுன்னு கேளுங்க. இஞ்சின் கோளாறா? இல்ல. பிரேக்கா? இல்ல. பின்சீட்டுல, இடது பக்கம், பெல்ட்டு மாட்டுத பூட்டு இருக்குல்லா, கட்டைவெரல் தண்டி சாமான், அது சோதனையில தேறலையாம். மெதுவா இழுத்தா நிக்குதாம், வெடுக்குன்னு இழுத்தா கழண்டுருதாம். அரசாங்கப் பாதுகாப்பு விதிக்கு ஒத்து வரலையாம். அதுக்காக இந்த மாடல்ல ஒரு வண்டியைக்கூட வெளிய விடமாட்டானாம். புதுப் பூட்டு செய்யணுமாம், அதைச் சோதிக்கணுமாம், சான்று வாங்கணுமாம், பொறவு ஒவ்வொரு வண்டியா கழட்டி மாட்டணுமாம். கங்கைகொண்டான் பக்கத்துல ஒரு பொட்டல்ல அறுவது வண்டியை நிறுத்திப் போட்டிருந்தான். நான் போயிப் பாத்தேன். வேலிக்கு இங்கிட்டு நின்னு பாத்தேன். நம்ம வண்டி தலையில காக்கா பேண்டு வச்சிருக்கு, நான் வெயில்ல கெடந்து பாத்துக்கிட்டு நிக்கேன்.

பின்சீட்டுல எவன் பெல்ட்டு போடுதான், நீங்களே சொல்லுங்க. நீங்க போட்டிருக்கியளா? என்னது, உங்க வீட்டுல போடுவாவளா? சரி, நீங்க படிச்ச ஆளு. நான் ஊருல நடக்கிறதைச் சொல்லுதேன். பெல்ட்டுங்கிறது டோல்கேட்டு கேமராவுக்குப் போடுதது. கேமரா முன்சீட்டைத்தான் பாக்கும். பின்னாடி இருக்கதை எவன் பாக்கான்?

இதைச் சொன்னா இங்க ஒருத்தனுக்கும் வெளங்கல. மேனேஜர்னு ஒருத்தன் இருக்கான், இந்த வெக்கையில கழுத்தை இறுக்கி டை கட்டிக்கிட்டு. எதைச் சொன்னாலும் 'வருத்தம் தெரிவிச்சுக்கிறோம் சார்'. ஏலே, உன் வருத்தத்தை வச்சு நான் என்ன, கோயிலுக்கா போக முடியும்? பூட்டைப் புடுங்கிப் போட்டுட்டு வண்டியைத் தா, மேல சீட் கவரைப் போட்டுருதேன், எவனுக்குத் தெரியும்னு கேட்டேன். ஒரு பார்வை பாத்தான் பாருங்க, நான் என்னமோ கொலை பண்ணக் கூப்பிட்ட மாதிரி.

விற்பனைக்குன்னு ஒரு பிள்ளை இருக்கு, இசக்கிசெல்வின்னு பேரு. கோட்டு போட்டிருக்கும். அந்தா, வண்டிக்குப் பக்கத்துல நிக்கில்லா, அதான். அதுகிட்ட, நான் பத்திரத்தாள்லயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாறேன், எது வந்தாலும் என் பொறுப்பு, வண்டியை விடுங்கன்னேன். அதுக்கு அது சொல்லுது: "நீங்க எழுதிக் குடுத்துருவீங்க சார். அந்த சீட்டுல உக்கார்றவங்கல்ல எழுதிக் குடுக்கணும்." வாயைப் பாத்தியளா? நேத்து முளைச்சது. நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சப்ப அதுக்க அப்பனுக்கே கல்யாணம் ஆயிருக்காது.

இந்தா வருதே, அதேதான். என்னம்மா?... வாறேன், வாறேன்னு சொல்லு. பேசிக்கிட்டு இருக்கம்லா.

ஒண்ணுமில்ல. உள்ள கூப்பிடுதாவளாம். கூப்பிடட்டும். ஏழு மாசம் நான் காத்துக் கெடந்தேன், ஏழு நிமிசம் உள்ள இருக்கவ காத்திருந்தா கொறைஞ்சா போயிருவா.

பழைய வண்டியை எதுக்குக் குடுத்தியன்னு கேக்கிய. நியாயமான கேள்வி. பழைய வண்டி தங்கமா ஓடுச்சு அண்ணாச்சி. பதினோரு வருசம். ஒரு ஆணி கழண்டதில்ல. வீட்டுக்காரி ஏறமாட்டேன்னுட்டா. அதான் சங்கதி. ரெண்டு வருசமா ஏறல. நான் காருல கோயிலுக்குப் போவேன், அவ மினிபஸ்ஸுல வருவா. சில நாளு எனக்கு முன்னாலேயே வந்து உக்காந்திருப்பா. சபையில ஒவ்வொருத்தன் மூஞ்சியும் பாக்கணுமே. 'என்ன கோயில்பிச்சை, ரூபியம்மா பஸ்ஸுல வாறாவ?'ன்னு கேப்பான். கேக்கிறவன் முட்டாப்பய. அவனுக்குத் தெரியும், தெரிஞ்சுக்கிட்டேதான் கேக்கான்.

என்ன நடந்துச்சுன்னா, மச்சினன் வள்ளியூர்ல வீடு கட்டினான். மச்சினன்னா அவ கூடப்பொறந்த தம்பி, செல்வின். வீடுன்னா வீடு மாதிரியா இருக்கும், தபாலாபீஸ் மாதிரி இருக்கும். அதுக்குப் பிரதிஷ்டை, அதான் புதுவீட்டு ஜெபம், நாங்க போறோம். நானும் அவளும் மட்டும். அவ பின்சீட்டு, இடது பக்கம். எப்பவுமே அங்கதான். முன்சீட்டுல எங்க அம்மை இருக்கும். அம்மை போன பொறவு கோயில் கமிட்டி ஆளுக எவனாவது வருவான். யாருமே இல்லன்னா என் கடைப் பை இருக்கும். அவளுக்குப் பின்னாடிதான் பழக்கம். அவளும் ஒருநாளும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல.

அன்னைக்கு முன்சீட்டுல பிரதிஷ்டைக்கு வாங்கின சுவர்க்கடிகாரம் இருந்துச்சு. பெண்டுலம் வச்சது, இம்மாம் பெரிய பெட்டி. முன்சீட்டுல கனம் இருந்தா அந்த எளவு அலாரம் கத்தும் தெரியும்லா, பெல்ட்டை மாட்டுற வரைக்கும் கத்தும். அதனால பெட்டிக்குக் குறுக்க பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன். கத்தல் நின்னுட்டு. நானும் போட்டிருந்தேன், டோல்கேட்டு இருக்குல்லா வழியில.

நாங்குநேரி தாண்டி நாலுவழிச்சாலையில ஒரு மாடு குறுக்க வந்துட்டு. என் இடத்துல வேற எவனா இருந்தாலும் மாட்டு மேல விட்டிருப்பான். நான் ஒடிச்சேன் பாருங்க, மாட்டு மேல ஒரு தூசி படல. நடுச்செவுத்துல இடிச்சி நின்னோம். எனக்கு ஒரு கீறல் இல்ல. கடிகாரம், அண்ணாச்சி, பெட்டியைப் பிரிச்சுப் பாத்தா ஓடிக்கிட்டு இருக்கு! இன்னைக்கும் செல்வின் வீட்டுக் கூடத்துல மணி அடிக்கி. அவன் வேற, வாறவன் போறவன்கிட்ட எல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக் காட்டிக்கிட்டு இருக்கான், கூறுகெட்டவன்.

அவளா? அவளுக்குத்தான் அடி. பின்னாடியிருந்து வந்து முன்சீட்டுல மோதிட்டா. வலது தோள் எலும்பு ரெண்டா ஒடிஞ்சிட்டு. பிளேட்டு வச்சிருக்கு. கை இந்த மட்டுக்குத்தான் தூக்க முடியும், இதுக்கு மேல போகாது. கொண்டை போட அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து போகுது. சோறு ஆக்குவா, எல்லாம் செய்வா, மேல் தட்டுல இருக்குத சாமானை மட்டும் நான் எடுத்துக் குடுக்கணும். மாடு வளக்கிற பயலுவ ரோட்டுல விட்டுட்டுப் போயிருதானுவ, எல்லாம் அவனுகளால வந்தது.

பின்சீட்டுல பெல்ட்டு இல்லையான்னு கேக்கியளா? இருந்துச்சு. இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. வண்டி வாங்கின அன்னைக்கே சீட் கவர் போட்டாச்சு. காஜா பாய்னு ஒருத்தர், நல்லா தைப்பாரு. "பூட்டு வெளிய தெரிய ஓட்டை விடட்டுமா மொதலாளி?"ன்னு அவரு கேக்கத்தான் செஞ்சாரு. ஓட்டை விட்டா அசிங்கமா இருக்கும், மூடிருங்கன்னு நான்தான் சொன்னேன். வழுவழுன்னு சோபா மாதிரி இருக்கும், ஏறினவன்லாம் தடவிப் பாப்பான். பதினோரு வருசம் பூட்டு அதுக்கு அடியிலதான் கெடந்துச்சு. என்ன அப்பிடிப் பாக்கிய? ஊருல எல்லாவனும் அப்பிடித்தான் போட்டிருக்கான்.

ஆஸ்பத்திரியில இருந்து வந்தவ, ஒரு வார்த்தை திட்டல, அழல. மறு ஞாயித்துக்கிழமை நான் வண்டியை எடுத்து வச்சிக்கிட்டு ஹார்ன் அடிக்கேன், அவ குடையை எடுத்துக்கிட்டு முன்னால நடந்து போறா, மினிபஸ்ஸுக்கு. அவ்வளவுதான். ரெண்டு வருசம். சண்டை போட்டா ஒரு மனுசன் பதில் சொல்லலாம். சண்டையே போடாதவகிட்ட என்னத்தைச் சொல்ல?

புதுசு எடுத்தா ஏறுவான்னு நெனைச்சேன். சபைக்காரனுகளுக்காகத்தான், வேற ஒண்ணுமில்ல. அட்வான்ஸ் குடுத்துட்டு வந்து, ஈஸ்டருக்குப் புதுவண்டி வருது, ஏறுவியான்னு கேட்டேன். 'பாப்போம்'னா. பாப்போம்னு சொன்னாளே, அதுவே ரெண்டு வருசத்துல பெருசு. நான் பழைய வண்டியை இவனுகள்ட்டயே தள்ளிவிட்டுட்டு ஈஸ்டருக்கு நாளை எண்ணிக்கிட்டு இருக்கேன், இவனுக பூட்டு சரியில்லன்னு லெட்டர் போடுதானுவ. எரியுமா எரியாதா?

என்னம்மா மறுபடியும்? வாறேன்னு சொன்னேம்லா!... மேடம் எறங்க மாட்டேங்காவளா? எறங்காம எங்க போயிருவா. சீட் கவர்காரரைக் கொஞ்சம் நிக்கச் சொல்லு. போம்மா.

ஆமா அண்ணாச்சி, வீட்டுக்காரி உள்ளதான் இருக்கா. நம்ம வண்டிக்குள்ள. அந்தத் துணி மறைக்கி, பின்னாடி உத்துப் பாருங்க, நீலச்சேலை தெரியும். அரை மணி நேரமா உக்காந்திருக்கா. காஜா பாய் புது சீட் கவரோட வந்து நிக்காரு, இந்தா என் மடியில இருக்குத பையிலயும் பாதி அதுதான். மெரூன் கலரு. அவ எறங்கினாத்தானே மாட்ட முடியும்? எறங்க மாட்டேங்கா.

எல்லாம் இவனுக கெடுத்த கெடுப்பு. நடுவுல ஒருநாள் நானே கூட்டிட்டு வந்தேன், இவனுக செய்யுத அநியாயத்தை அவளும் பாக்கட்டும்னு. டவுன் பஸ்ஸுல வந்தோம் ரெண்டு பேரும். நான் மேனேஜரைப் புடிச்சு ஏசிக்கிட்டு இருக்கேன், இந்த இசக்கிப் பிள்ளை ஒரு கழட்டின பூட்டைக் கொண்டாந்து அவ கையில குடுத்துட்டு. கெட்டுப்போன பூட்டு. "மெதுவா இழுங்கம்மா" - நின்னுச்சு. "வெடுக்குன்னு இழுங்கம்மா" - கையோட வந்துட்டு. அவ எடது கையாலதான் இழுத்தா. திரும்பத் திரும்ப மாட்டி இழுத்துப் பாக்கா, சின்னப்பிள்ளைக மாதிரி. பொறவு என்னைப் பாத்து, "நம்ம பழைய வண்டியில இது எங்க இருந்துச்சு?"ன்னு கேட்டா.

சீட் கவருக்கு அடியிலன்னேன். உள்ளதைத்தானே சொல்ல முடியும்? அந்த இசக்கிப் பிள்ளை தரையைப் பாக்கு. மேனேஜர் டையைத் தடவுதான். இவ அந்தப் பூட்டை மேசை மேல வச்சிட்டு, "வாங்க, பஸ் போயிரும்"னா.

வீட்டுக்கு வந்து நான் அந்தக் கம்பெனி லெட்டரைக் கிழிக்கப் போனேன். லெட்டரைப் படிக்கணுமே நீங்க! 'பின் இருக்கையில் இடப்புறம் அமரும் பயணியின் பாதுகாப்பைக் கருதி'யாம். கருதி கிழிச்சான். அவ வாங்கிக்கிட்டா. வாங்கி, மடிச்சு, அவ வேதப்புத்தகத்துக்குள்ள வச்சிக்கிட்டா. என்னடி, இதென்ன வேதவசனமா, உள்ள வைக்கிறேன்னு கேட்டேன். சொல்லுதா: "என் மூஞ்சியைக்கூடப் பாக்காதவன், நான் உக்காருத இடத்தைப் பத்தி யோசிச்சிருக்கான்."

எப்பிடிப் பேச்சு பாத்தியளா? எவனோ எங்கயோ ஏசி ரூம்புல உக்காந்து, கேஸ் வந்துரும்னு பயந்து எழுதின லெட்டரு அது. அவனுக்கு இவ யாருன்னு தெரியுமா? ரூபின்னு ஒருத்தி இருக்கதே தெரியாது அவனுக்கு. முப்பத்தி நாலு வருசமா அரிசி, பருப்பு, துணிமணி, ஆஸ்பத்திரி எல்லாம் பாத்தவன் நான். பிளேட்டு வச்ச அன்னைக்கு ஐசியு வாசல்ல பச்சத்தண்ணி குடிக்காம உக்காந்திருந்தவன் நான். அதையெல்லாம் எந்தப் புத்தகத்துல வச்சா? எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல அண்ணாச்சி, சும்மா சொல்லக்கூடாது.

இன்னைக்கு வண்டி ரெடின்னு போன் வந்துச்சு. வாறியான்னு கேட்டேன். செருப்பை மாட்டினா. ஆட்டோவுல வந்தோம். வந்ததும் நேரா போயி, பின்கதவைத் தொறந்து, இடது பக்கம் உக்காந்தா. முன்னாடி உக்காருன்னு நான் சொன்னேன், சத்தியமா சொன்னேன். கடைப் பையை நான் கையிலதான் வச்சிருக்கேன் பாருங்க. "இல்ல, இங்கதான்"னுட்டா. உக்காந்து, அந்தப் பூட்டு எங்கன்னு தேடி, தொட்டுப் பாத்து, இசக்கிப் பிள்ளையைப் பாத்துச் சிரிச்சா. ரெண்டு வருசமா என்னைப் பாத்துச் சிரிக்காதவ, கோட்டு போட்ட பிள்ளையைப் பாத்துச் சிரிக்கா. அந்த நேரம் பாத்து காஜா பாய் கவரோட வந்து, 'எறங்குங்கம்மா, மாட்டிருதேன்'னாரு. கவரைப் பிரிச்சுப் பாத்தா. இதுலயும் ஓட்டை இல்ல. நான் சொல்லல அண்ணாச்சி, அவரு பழைய அளவுக்கே தச்சிட்டாரு. நான் வேண்டாம்னும் சொல்லல, அது வேற. அவ கவரை மடிச்சு என் கையில தந்துட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா. நான் இங்க வந்து உக்காந்துட்டேன். நாலு பேரு பாக்க, ஷோரூம் நடுவுல, பொண்டாட்டிகிட்டக் கெஞ்சணுமாக்கும்?

இந்தா வந்துட்டு மூணாந்தடவ. என்னதான் சொல்லுதா?... என்ன? பெல்ட்டு மாட்ட கை போகலையா? அதுக்கு என்னை எதுக்குக் கூப்பிடணும், நீதான் பக்கத்துல நிக்கியே, மாட்டிவிடேன்... மாட்ட விட மாட்டேங்காளா? என்னன்னு சொன்னா? சொன்னதை அப்பிடியே சொல்லு.

கேட்டியளா அண்ணாச்சி? 'அவிய வந்து மாட்டிவிட்டா ஞாயித்துக்கிழமை இந்த வண்டியில வாறேன், இல்லன்னா இப்பமே எறங்கி பஸ்ஸுக்குப் போறேன்'னு சொல்லுதாளாம். இத்தனை பேரு முன்னால. மேனேஜரு, போட்டோக்காரன், காஜா பாய், எல்லாரும் நிக்கான். அறுவது வயசுல நான் போயி, குனிஞ்சு, அவளுக்கு வாரைப் பூட்டிவிடணுமாம். இதுக்குத்தான் ஏழு மாசம் பூட்டு செஞ்சானுவளா இவனுக?

நில்லும்மா, போயிராத. எறங்கிற வேண்டாம்னு சொல்லு. வாறாருன்னு சொல்லு. வேட்டியைச் சரி பண்ண விடு மனுசனை.

அண்ணாச்சி, இந்தப் பையைக் கொஞ்சம் வச்சிக்கிடுங்க. சீட் கவரையும்தான். அவ கேட்டா பின்னால வாங்கிக்கிடுதேன், கேக்கலன்னா காஜா பாய்கிட்டயே குடுத்துருங்க. இன்னொண்ணு. சத்தமா பேசாதிய, அந்தப் பிள்ளை காதுல விழுந்துரும். உங்க வீட்டுல போடுவாவன்னு சொன்னியள்லா, அந்தப் பெல்ட்டை எந்தப் பக்கம் இருந்து இழுத்து எந்தப் பக்கம் மாட்டணும்? சிரிக்காதிய. பின்சீட்டுல நான் ஒருநாளும் உக்காந்து பாத்ததில்ல.